புது ரிங்கும் பழைய காலும்

வயது அறுபத்தாறு. பஞ்சாலையில் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு 2017-ல் ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு பிடித்துக்கொண்ட பழக்கம் நெடுந்தூர ஓட்டம். கோயம்புத்தூரில் இரண்டு தடவை 21.1 கிலோமீட்டர், அதாவது அரை மராத்தான், ஓடி முடித்திருக்கிறேன். மூன்றாவது தடவைக்குத்தான் இரண்டு வருடமாகத் தயாராகிக்கொண்டே இருக்கிறேன். நடுவில் முதலில் வலது குதிகால், பிறகு இடது பாதத்தில் ஓர் எலும்பு. இரண்டும் சேர்ந்து என்னை மறுபடி ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டன.

குதிகால் வலி நம் வயதுக்காரர்கள் பலருக்கும் தெரிந்த சங்கதி. ஓட்டமே தெரியாதவர்களுக்கும் வரும். அதனால் இதை ஓடுகிறவர்களுக்காக மட்டும் எழுதவில்லை.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. இரண்டு பாதத்துக்கும் 52. உடம்பில் மொத்தமே 206 எலும்புகள் என்றால், நாலில் ஒரு பங்கு கணுக்காலுக்குக் கீழேதான். முகத்துக்குக் கொடுக்கும் மரியாதையில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கொடுப்பதில்லை. வலித்தால்தான் குனிந்து பார்க்கிறோம்.

எனக்கு முதலில் வந்தது காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது வரும் வலி. முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி இறங்கினது மாதிரி இருக்கும். பத்து இருபது அடி நடந்தால் குறையும். உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு எழுந்தால் மறுபடி ஆணி. குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடி வரைக்கும், வில்லுக்கு நாண் கட்டின மாதிரி, ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. அதற்கு பிளாண்டார் ஃபேஷியா என்று பெயர். அந்தப் பட்டை குதிகாலைப் பிடித்திருக்கும் இடத்தில்தான் கோளாறு. நம் ஊரில் குதிகால் வாதம் என்பார்கள்.

பெயர் தெரிந்ததும் வைத்தியம் நாலா பக்கமிருந்தும் வந்தது. ஈரோட்டில் இருக்கும் அக்கா போனிலேயே சொல்லிவிட்டார்: "செங்கல்லை நல்லாச் சுட்டு, மேல எருக்க எலையை வெச்சு, அதுல குதிங்காலை வெய்யிடா. மூணே நாள்ல போயிரும்." செய்தேன். இதமாக இருந்தது, ஆனால் போகவில்லை. வீட்டுக்குள் மொசைக் தரையில் வெறுங்காலோடு நடக்காமல், எம்.சி.ஆர். செருப்பு போட்டுக்கொண்டு நடந்தேன். அது இன்னும் கொஞ்சம் உதவியது. எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பு முள் மாதிரி சற்று வளர்ந்திருப்பது தெரிந்தது. வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். மருத்துவர் சிரித்தார். அப்படி வளர்ந்திருக்கும் பலருக்கு வலியே கிடையாது, அதை வெட்டி எடுக்கிற பேச்சே வேண்டாம் என்று சொல்லி, பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

அங்கே இருந்தது என் மகள் வயதுகூட இல்லாத ஒரு பெண். ஓய்வு எடுக்கச் சொல்லப் போகிறாள் என்று எதிர்பார்த்துப் போனவனுக்கு, அந்தப் பெண் வேலை கொடுத்தாள். மாடிப்படி ஓரத்தில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, விரல்கள் அதன் மேல் நிமிர்ந்து இருக்கும்படி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். மூன்று விநாடியில் மெதுவாகக் குதிகாலை உயர்த்த வேண்டும். உச்சியில் இரண்டு விநாடி நிறுத்தி, மூன்று விநாடியில் இறக்க வேண்டும். ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டு வாரம் கழித்து முதுகில் ஒரு பையை மாட்டி, அதில் புத்தகங்களை அடுக்கிப் பாரத்தைக் கூட்ட வேண்டும். தடவை குறையும், சுமை ஏறும்.

"வலிக்கிற இடத்துல மேல மேல பாரம் ஏத்தச் சொல்றீங்களேம்மா?"

"அந்த நாருக்குப் பாரம்தான் அங்கிள் மருந்து" என்றாள்.

இது அவள் சொந்தச் சரக்கு அல்ல. டென்மார்க்கில் 48 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி, 2014-ல் வெளியிட்டிருக்கிறார்கள். பாதிப் பேருக்குப் பாதத்தை இழுத்து நீட்டும் பயிற்சி, பாதிப் பேருக்கு இந்தத் துண்டுப் பயிற்சி. மூன்று மாத முடிவில், பாரம் ஏற்றியவர்களுக்கே வலி நன்றாகக் குறைந்திருந்தது. ஒரு வருட முடிவில் இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டது. ஆக, எந்த வழியில் போனாலும் சரியாகும், இந்த வழியில் கொஞ்சம் சீக்கிரம் ஆகும்.

இதற்கு முன்னோடியாக ஸ்வீடனில் ஒரு கதை சொல்வார்கள். ஹோகன் ஆல்ஃபிரட்சன் என்று ஓர் எலும்பு அறுவை மருத்துவர். அவரும் ஓடுகிறவர். குதிகாலுக்குப் பின்னால், கெண்டைக்கால் தசையைக் குதி எலும்போடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாரில் அவருக்குத் தீராத வலி. அறுவை சிகிச்சை செய்யுங்கள் என்று தன் மேலதிகாரியிடம் கேட்டாராம். முடியாது என்றுவிட்டாராம் அவர். சரி, நாரே அறுந்துவிட்டால் செய்துதானே ஆக வேண்டும் என்று, வேண்டுமென்றே படியில் நின்று குதிகாலைக் கீழே இறக்கி இறக்கிப் பாரம் கொடுத்தாராம். நார் அறுவதற்குப் பதிலாக வலி போய்விட்டது! கதையில் எவ்வளவு மசாலாவோ, அதற்குப் பின் நடந்தது ஏட்டில் இருக்கிறது. 1998-ல் அவர் வெளியிட்ட ஆய்வில், நாள்பட்ட வலியோடு வந்த 15 ஓட்டக்காரர்களுக்கு இதே பயிற்சியை 12 வாரம் கொடுத்தார்கள். பதினைந்து பேரும் திரும்ப ஓடினார்கள்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் என் தொழில். மில்லில் நான் கற்றது நேர் எதிரான பாடம். பேரிங் ஓட ஓடத் தேயும். பெல்ட் ஓட ஓடத் தளரும். ஸ்பிண்டிலுக்கு எண்ணெய் விடலாம், ஆனால் தேய்ந்த இரும்பு திரும்ப முளைக்காது. பாரத்தைக் குறைத்தால் ஆயுள் கூடும். உடம்பையும் இப்படித்தான் நம்மில் பலரும் நினைக்கிறோம். "முட்டி தேஞ்சு போச்சு, இனி அசைக்காதே" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் நாரும் எலும்பும் இரும்பு இல்லை. அளவோடு பாரம் கொடுத்து, நடுவில் ஆற விட்டால், அது கூடுதல் பலத்தோடு தன்னைக் கட்டிக்கொள்கிறது. பாரமே கொடுக்காவிட்டால் இளைத்துப் போகிறது. அறுபத்தாறு வயதிலும் இந்தச் சட்டம் மாறுவதில்லை. வேகம்தான் குறைகிறது.

குதிகால் முக்கால்வாசி சரியான சமயத்தில் இடது பாதம் தன் பங்குக்குக் கிளம்பியது. பாதத்தின் மேல்புறம், இரண்டாம் விரலுக்குப் பின்னால் ஒரு வலி. விரலால் அழுத்தினால் ஒரே ஒரு இடத்தில் உயிர் போகும். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. மருத்துவர் நம்பவில்லை. மூன்று வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார். அப்போது எலும்பைச் சுற்றி லேசாகப் புகை மாதிரி ஒரு திரட்சி தெரிந்தது. விரிசல் விட்ட எலும்பு தன்னைத் தானே ஒட்டிக்கொள்ளும் அடையாளம் அது. விரிசல் அத்தனை மெல்லியதாக இருந்ததால் முதல் படத்தில் விழவில்லை.

"முதல்ல எந்தக் கால்ல வலி?" என்று கேட்டார் மருத்துவர்.

"வலதுலங்க."

"அதான். அதைக் காப்பாத்த இது கூடுதலா உழைச்சிருக்கு."

இது எனக்கு உடனே புரிந்தது. ஒரு பக்கத்து பேரிங் சிணுங்கினால் மறுபக்கத்தையும் கழற்றிப் பார்ப்பது எங்கள் வழக்கம். இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி-யும் குறைவு. கோயம்புத்தூர் வெயிலில் இருக்கிறவனுக்கா என்றேன். காலை அஞ்சு மணிக்கு ஓடினா எங்கிருந்துங்க வெயில் என்றார்.

இந்த விரிசலுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1855-ல் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைதாப்ட் என்பவர், நீண்ட தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதங்கள் வீங்கி வலிப்பதைக் குறித்து வைத்தார். எக்ஸ்ரே கண்டுபிடிப்பதற்கு நாற்பது வருடம் முன்பு அது. பிற்பாடு படம் எடுக்க முடிந்தபோதுதான் அது எலும்பு விரிசல் என்று தெரிந்தது. இன்றைக்கும் அதற்கு 'மார்ச் ஃபிராக்சர்' என்ற பெயர் உண்டு. ஒரே அடியில் உடைவது அல்ல. ஆயிரக்கணக்கான சின்ன அடிகள் சேர்ந்து, எலும்பு பழுது பார்க்கும் வேகத்தை மிஞ்சும்போது வருவது.

ஆறு வாரம் பெரிய பூட் ஒன்றை மாட்டிக்கொண்டு வீட்டில் இருந்தேன். அந்த ஆறு வாரம் சும்மா போகவில்லை. எங்கள் குடும்பத்தில் சர்க்கரை உண்டு. எனக்கும் விளிம்பில்தான் நிற்கிறது. ஓடிக்கொண்டிருந்தபோது 6.1-ல் இருந்த மூன்று மாதச் சராசரி, பூட்டைக் கழற்றியபோது 6.4 ஆகியிருந்தது. 6.5 வந்தால் எல்லைக்கோட்டைத் தாண்டின கணக்கு. ஓய்வு என்பது இலவசம் அல்ல என்று அந்தச் சீட்டு சொன்னது.

வீட்டில் நியாயமான கேள்வி ஒன்று எழுந்தது. "ஏனுங்க, நடந்தாப் போதாதுங்களா? ஓடியே ஆகோணும்னு யாரு அழுதா?"

போதும்தான். சர்க்கரைக்கு வேக நடை போதும் என்று மருத்துவரும் சொன்னார். அதற்கு மேல் நான் சொல்லக்கூடிய காரணம் ஒன்றே ஒன்று. முப்பத்தைந்து வருடம் ரிங் ஃபிரேம் இரைச்சலுக்குள் இருந்தவன் நான். பக்கத்தில் நிற்பவரிடம் கையசைத்துத்தான் பேசுவோம். அதிகாலை ஐந்து மணிக்கு ரேஸ் கோர்ஸ் சாலையில் மரங்களுக்குக் கீழே ஓடும்போது, என் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்கிறது. அது எனக்கு வேண்டும். இதைச் சொன்னதும் அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. "அப்பக் காலைச் சரி பண்ணீட்டு ஓடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

வலியைப் பற்றிச் சொல்லும்போது என் அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கோபிப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார். இருபது வருடத்துக்கு மேலாகச் சர்க்கரை. ஒரு நாள் செருப்பில் ஏறின ஆணி, செருப்பைத் துளைத்துக் காலிலும் ஏறியிருக்கிறது. நாள் முழுக்க அதோடே வாய்க்கால் வரப்பில் நடந்திருக்கிறார். ராத்திரி அண்ணிதான் தரையில் ரத்தத்தைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் வலிக்கலையே" என்றாராம் அண்ணன். கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

நான் குதிகால் வலி என்று புலம்பினபோது அவர் சொன்னது: "உனக்கு வலிக்குதில்ல? சந்தோசப்படு."

அன்றிலிருந்து வலியை நான் எதிரியாகப் பார்ப்பதில்லை. மீட்டர் முள்ளாகப் பார்க்கிறேன். பிசியோதெரபிப் பெண்ணும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாள். பூஜ்யத்திலிருந்து பத்து வரை வலிக்கு எண் போட வேண்டும். வலது குதிகாலுக்கு ஒரு சட்டம்: மூன்று வரை இருந்தால் ஓடலாம், மறுநாள் காலை முதல் அடியில் முந்தின நாளைவிட அதிகம் இருக்கக் கூடாது. இடது பாதத்து எலும்புக்கு வேறு சட்டம்: பூஜ்யம். ஒன்று வந்தாலும் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது, நடந்து வீடு திரும்ப வேண்டும். நாருக்குக் கொஞ்சம் வலி பரவாயில்லை, எலும்புக்குக் கூடாது. ஒரே ஆளின் இரண்டு காலுக்கு இரண்டு சட்டம்!

பூட்டைக் கழற்றியதும் ஓட விடவில்லை. முதலில் முப்பது நிமிடம் வலியில்லாமல் நடக்க வேண்டும், அதுவும் வாரத்தில் ஐந்து நாள். அது கைகூடவே ஒரு மாதம் பிடித்தது. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், நான்கு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம், இப்படி ஆறு தடவை. இரண்டு வாரம் ஆனதும் மூன்று நிமிடம் நடை, இரண்டு நிமிடம் ஓட்டம். அப்படியே படிப்படியாக. ஓடாத நாட்களில் பழைய சைக்கிளில் ஒரு மணி நேரம். மூச்சுக்கும் இதயத்துக்கும் வேலை கிடைக்கும், பாதத்துக்கு அடி விழாது.

ஒரு நிமிட ஓட்டம் என்பது கேலிக்கு இடம் கொடுக்கும் காரியம். பழக்கமானவர்கள், "என்னங்க, வண்டி ஸ்டார்ட்டிங் ட்ரபுளா?" என்று கேட்டுக்கொண்டே தாண்டிப் போவார்கள். எனக்கு மில்லில் செய்த ஒரு வேலைதான் ஞாபகம் வரும். ஸ்பின்னிங்கில் இருந்தவர்களுக்குத் தெரியும். ரிங் ஃபிரேமில் புது ரிங் மாட்டினால் எடுத்த எடுப்பில் முழு வேகம் கொடுக்க மாட்டோம். வேகத்தைக் குறைத்து ஓட்டுவோம். டிராவலரைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்றுவோம். ரிங்கின் முகம் வழவழப்பாகப் பதப்பட்ட பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏற்றுவோம். இதற்கு 'ரன்னிங் இன்' என்று பெயர். உற்பத்தி குறைகிறதே என்று மேலே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். அவசரப்பட்டால் ரிங் வீணாகும் என்று நாங்கள் பிடிவாதமாக நிற்போம். இப்போது முணுமுணுப்பவனும் நானே, பிடிவாதக்காரனும் நானே.

ரேஸ் கோர்ஸ் சாலையை ஒரு சுற்று வந்தால் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். சாலைகளில் மழைத்தண்ணீர் வடிய ஓரத்தை நோக்கிச் சற்றே சரிவு வைத்திருப்பார்கள். ஒரே திசையில் சுற்றினால் ஒரே கால் எப்போதும் பள்ளத்துப் பக்கம் விழும். ஆகவே ஒரு நாள் வலச்சுற்று, அடுத்த நாள் இடச்சுற்று. எதிரே வருபவர்களுக்கு வணக்கம் சொல்லவும் வசதி.

சுற்றிச் சுற்றி ஓடுவது சலிக்காதா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது கனடாவின் எட் விட்லாக் கதை. தன் வீட்டுக்கு அருகிலிருந்த கல்லறைத் தோட்டத்தில், மணிக்கணக்காக மெதுவாகச் சுற்றி வருவதுதான் அவருடைய பயிற்சி. 2004-ல், 73 வயதில், 42.195 கிலோமீட்டர் முழு மராத்தானை 2 மணி 54 நிமிடம் 48 விநாடியில் ஓடினார். மூன்று மணிக்குள் ஓடி முடிக்க இளைஞர்களே திணறுகிற தூரம் அது. அவருக்கும் முழங்கால் தொல்லையால் ஓட முடியாமல் போன நீண்ட இடைவெளிகள் உண்டு. ஒவ்வொரு தடவையும் அடியிலிருந்து மெதுவாகக் கட்டிக்கொண்டு வந்தார். 2016-ல், 85 வயதில், 3 மணி 56 நிமிடத்தில் மறுபடி ஒரு மராத்தான். அவர் வேகத்தில் எனக்குப் பங்கு இல்லை. அடியிலிருந்து ஆரம்பிக்கிற பொறுமையில் ஒரு பங்கு கேட்கிறேன்.

ஓட ஆசைப்படாதவர்களுக்கும் பயன்படும் சில விஷயங்களை இங்கே சொல்லிவிடுகிறேன். சமையல் மேடையையோ சுவரையோ பிடித்துக்கொண்டு குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். முதலில் இரண்டு காலில், பழகினபின் ஒற்றைக் காலில். காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் விரல்களைக் கையால் மேல்நோக்கி இழுத்துப் பத்து எண்ணுங்கள், முதல் அடி அவ்வளவு கடிக்காது. சர்க்கரை உள்ளவர்கள் ராத்திரி படுக்குமுன் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள். செருப்பைப் போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். உணர்ச்சி குறைந்த காலுக்குச் சுட்ட செங்கல், வெந்நீர் ஒத்தடம் எதுவும் வேண்டாம், கொப்புளம் வந்தாலும் தெரியாது. வருடத்துக்கு ஒரு தடவை, மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்க்கும் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை. அண்ணனுக்கு அந்த ஐந்து நிமிடம் யாரும் ஒதுக்கவில்லை.

டிசம்பர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தாயிற்று. இப்போது ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் ஒன்பது கிலோமீட்டரில் நிற்கிறது. வாரம் ஒரு கிலோமீட்டர் ஏறும், நாலாவது வாரம் வேண்டுமென்றே இறங்கும். நவம்பர் கடைசி ஞாயிறு பதினாறு கிலோமீட்டரை ஓடி, திங்கட்கிழமை காலை இரண்டு காலும் தத்தம் சட்டத்துக்குள் இருந்தால் 21.1. இல்லையென்றால் பத்து கிலோமீட்டர் பிரிவுக்கு மாற்றிக்கொள்வேன். அதற்கும் மெடல் தருகிறார்கள். பேரன் இரண்டுக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை, எதுவானாலும் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவைச் சுற்றி வருவான்.